கடலூரிலிருந்து சாமுண்டி மலைக்கு: முதல் முறை படியேறுகிறவர்களுக்கு

கடலூர், புதுவைப் பக்கத்து வீடுகளில் அம்மன் என்றதும் ஒவ்வொருவருக்கும் ஒரு ஊர் நினைவுக்கு வரும். அமாவாசைக்கு மேல்மலையனூர், பௌர்ணமிக்குத் திருவக்கரை, ஆடித் தேருக்கு வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன், சிதம்பரம் போனால் தில்லைக் காளி. இவர்கள் எல்லாருமே சமவெளியில் இருப்பவர்கள். பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் கோயில் வாசல் வந்துவிடும். மூச்சு வாங்க மலையேறிப் போய்ப் பார்க்கும் அம்மன் நம் கடற்கரைப் பழக்கத்தில் அதிகம் கிடையாது. அதனால்தான் மைசூர் சாமுண்டி மலைக்கு முதல் முறை கிளம்புகிறவர்கள் அதையும் ஒரு சுற்றுலா இடமாகவே போட்டுக்கொள்கிறார்கள். அரண்மனை, மிருகக்காட்சி சாலை, பிருந்தாவனம், நடுவில் ஒன்றரை மணி நேரம் சாமுண்டி. வேன் மேலே போய் நிற்கும், வரிசையில் நிற்பீர்கள், சன்னதியில் பத்து விநாடி, திரும்ப வேன். அப்படிப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் மகிஷாசுரன் சிலையைத்தான் சொல்வார்கள்.

இந்தக் கட்டுரை வேறு மாதிரிப் போக நினைப்பவர்களுக்கு. நான் சொல்லப் போவது மூன்றே விஷயம்தான்: முதல் முறை ஒரு சாதாரண நாளில் போங்கள், உடம்பு இடம் கொடுத்தால் படியேறிப் போங்கள், மைசூரில் ஓர் இரவு தங்குங்கள். இந்த மூன்றையும் செய்தால் மிச்சமெல்லாம் தானாகச் சரியாகும்.

போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

சாமுண்டேஸ்வரி மைசூர் உடையார் அரச மரபின் குலதெய்வம். கன்னட மக்கள் அவளை நாட்டுக்கே தெய்வம் என்கிறார்கள். மகிஷாசுரனை வதைத்த தேவி. மைசூர் என்ற ஊர்ப் பெயரே மகிஷனிலிருந்து வந்தது என்பது வழக்கு. சண்டன், முண்டன் என்ற இரு அசுரரை அழித்ததால் சாமுண்டா என்று பெயர் பெற்றாள் என்று தேவி மாஹாத்மியம் சொல்கிறது. சதி தேவியின் கூந்தல் விழுந்த இடமாகச் சொல்லி, 18 மகா சக்தி பீடங்களில் ஒன்றாக, கிரௌஞ்ச பீடமாக இந்த மலையை வணங்குகிறார்கள்.

ஆனால் மலையில் அவளுக்கு முன்பே ஒருவர் இருந்தார். மகாபலேஸ்வரர் என்ற சிவன். அம்மன் கோயிலைவிட அவர் கோயில் பழையது. மலைக்கும் முன்பு மகாபலாத்ரி என்றுதான் பெயர். அம்மன் சன்னதியின் தொடக்கம் 12-ஆம் நூற்றாண்டு, ஹொய்சாளர் காலம் என்று கருதுகிறார்கள். பின்னால் உடையார்கள் மைசூரில் நிலைபெற்றபோது அம்மனின் புகழ் வளர்ந்தது. 1827-இல் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் கோயிலைப் பழுது பார்த்து, இப்போது நாம் பார்க்கும் ஏழு நிலைக் கோபுரத்தைக் கட்டினார். சிம்ம வாகனம் உள்ளிட்ட வாகனங்களையும் கொடுத்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மேலே போய் நின்றதும் கண்ணுக்குத் தெரிவது அந்தக் கோபுரம் மட்டும்தான். பக்கத்தில் இருக்கும் சிவன் கோயிலைப் பாதிப் பேர் பார்க்காமலே வந்துவிடுகிறார்கள்.

எந்த நாள்?

நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. "ஆடி வெள்ளிக்கு சாமுண்டி மலை விசேஷம்" என்று கேள்விப்பட்டு, நம் காலண்டரில் ஆடி வெள்ளியைப் பார்த்து டிக்கெட் எடுப்பார்கள். கர்நாடகத்தில் ஆஷாட மாதம் அமாவாசைக் கணக்கில் வருவது. நம் ஆடி சூரியக் கணக்கு. இரண்டும் ஒரே நாளில் தொடங்காது. 2025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: அங்கே முதல் ஆஷாட வெள்ளி ஜூன் 27-இலேயே வந்துவிட்டது. நமக்கு ஆடி பிறந்தது ஜூலை 17. நாம் இரண்டாவது ஆடி வெள்ளிக்கு ரயிலேறும்போது அங்கே ஆஷாடமே முடிந்திருந்தது. சந்திரக் கணக்கில் ஒரு மாதம் கூடுதலாகச் சேரும் 'அதிக மாதம்' வரும் ஆண்டில் இரண்டும் ஏறக்குறைய ஒட்டி வரலாம். ஆகவே ஆஷாட வெள்ளிக்குத்தான் போக வேண்டும் என்றால் கன்னடப் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். ஆஷாடத்தின் தேய்பிறை சப்தமி அம்மன் அவதரித்த நாள். வர்தந்தி என்று கொண்டாடுவார்கள்.

ஆனால் முதல் முறை போகிறவர்களை அந்த வெள்ளிக்கிழமைகளுக்கு நான் அனுப்ப மாட்டேன். நள்ளிரவு முதலே கூட்டம் சேரும். சொந்த வண்டிகளை மலைமேல் விட மாட்டார்கள். லலித மகால் பக்கத்து மைதானத்தில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து விடும் பஸ்ஸில்தான் போக வேண்டும். வரிசை மணிக்கணக்கில் நகரும். மைசூர்க்காரர்களுக்கு அது ஆண்டுக்கொரு முறை தங்கள் தாயைப் பார்க்கும் நாள், அந்த நெரிசலே அவர்களுக்குத் திருவிழா. இடம் பழகாத நமக்கு, அதுவும் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போகும்போது, கை விட்டுப் போகாமல் பிடித்துக்கொண்டிருப்பதிலேயே கவனம் எல்லாம் போய்விடும். தசராவின் பத்து நாளும் இதே கதைதான். அறை கிடைப்பதே கடினம்.

புதன் அல்லது வியாழன் போங்கள். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு மூன்றும் சாதாரண வாரத்திலும் கூட்டமுள்ள நாட்கள். மாதம் என்று கேட்டால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. காலையில் குளிரும், சில நாள் பனிமூட்டம் இருக்கும். கடலூர் வியர்வைக்குப் பழகின உடம்புக்கு ஒரு ஸ்வெட்டர் தேவைப்படும். ஜூன் தொடங்கிவிட்டால் மழையில் படிகள் வழுக்கும்.

காலைப் பழக்குங்கள்

சாமுண்டி மலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,060 மீட்டர் உயரம். பயப்பட வேண்டாம், மைசூர் நகரமே 760 மீட்டருக்கு மேல்தான் இருக்கிறது. நீங்கள் காலால் ஏறுவது சுமார் 300 மீட்டர். அதற்கு 1008 படிகள் என்பது கணக்கு. இந்தப் படிகளைக் கட்டியவர் தொட்ட தேவராஜ உடையார், 17-ஆம் நூற்றாண்டின் நடுவில்.

நம் மாவட்டமோ தட்டையான பூமி. தேவனாம்பட்டினம் கடற்கரையில் தினமும் நடக்கிறேன் என்று சொல்பவர்களும் முதல் முந்நூறு படியில் உட்கார்ந்துவிடுவார்கள். ஏறுவதற்கு வேறு தசை வேண்டும். மூன்று வாரம் முன்பே திருவந்திபுரம் போக ஆரம்பியுங்கள். பெருமாள் கோயிலுக்கு எதிரே ஔஷதகிரியில் ஹயக்ரீவர் இருக்கிறாரே, அந்தப் படிகள்தான் பயிற்சிக்கு உகந்தவை. முதல் நாள் ஒரு தடவை, அப்புறம் இரண்டு, மூன்று என்று ஏறி இறங்குங்கள். இதைவிடக் கடுமையாகப் பழக வேண்டும் என்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக்குப் போய் ராஜகிரி ஏறலாம். அங்கே மலையில் கமலக்கண்ணி அம்மன் இருக்கிறாள். மலையேறி அம்மனைப் பார்க்கும் அனுபவத்துக்கு நமக்குப் பக்கத்திலேயே உள்ள இடம் அது. அவளிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவது நல்லது என்று எனக்குத் தோன்றும்.

முழங்கால் தேய்மானம், இருதயக் கோளாறு, மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் படியில் கால் வைக்க வேண்டாம். அவர்களுக்கும் வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

போகும் வழி

மயிலாடுதுறை வரை வந்து திரும்பிக்கொண்டிருந்த மைசூர் எக்ஸ்பிரஸை 2024-இல் கடலூர் துறைமுகம் வரை நீட்டினார்கள். அன்றிலிருந்து இந்தப் பயணம் நமக்கு மிகவும் எளிதாகிவிட்டது. முதுநகரில் இருக்கும் துறைமுகம் சந்திப்பில் பிற்பகலில் ஏறினால் சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, சேலம், பெங்களூரு என்று சுற்றிக்கொண்டு மறுநாள் காலை மைசூரில் இறக்கிவிடும். சுற்றுவழிதான். ஆனால் படுத்துக்கொண்டே போகலாம், மாற்றி ஏற வேண்டியதில்லை, வயதானவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது. திருப்பாதிரிப்புலியூர் நிலையத்துக்குப் போய்விடாதீர்கள், ரயில் கிளம்புவது துறைமுகம் சந்திப்பில். புதுவைக்காரர்களும் கடலூர் வரை பஸ்ஸில் வந்து இதிலேயே ஏறலாம். முன்பதிவை முன்கூட்டியே செய்யுங்கள். நேரத்தை டிக்கெட் எடுக்கும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பஸ்தான் பிடிக்கும் என்றால் புதுவையிலிருந்து திண்டிவனம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூரு. அங்கே மைசூர் சாலையில் உள்ள சாட்டிலைட் பஸ் நிலையத்துக்குப் போய்விட்டால் மைசூருக்கு வண்டி வந்துகொண்டே இருக்கும். பெண்களுக்கு ஒரு தகவல்: கர்நாடக அரசு பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது அந்த மாநில முகவரி உள்ள அடையாள அட்டைக்குத்தான். நம் ஊர் டவுன் பஸ் நினைப்பில் ஏறிவிட்டுக் கண்டக்டரிடம் சங்கடப்பட வேண்டாம், டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

ரயில் காலையில்தான் மைசூர் சேரும் என்பதால் அன்றே படியேற நினைக்காதீர்கள். வெயில் ஏறியிருக்கும், இரவுத் தூக்கமும் சரியாக இருந்திருக்காது. ரயில் நிலையத்தை ஒட்டியோ நகர பஸ் நிலையத்தை ஒட்டியோ அறை எடுத்துக் குளித்து, சாப்பிட்டு, அந்த நாளை நஞ்சன்கூட்டுக்குக் கொடுங்கள். மைசூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே கபிலை ஆற்றங்கரையில் நஞ்சுண்டேஸ்வரர். கன்னட நாட்டுப்புறப் பாட்டுகளில் அவருக்கும் சாமுண்டிக்கும் நடந்த காதலும் ஊடலும் கதை கதையாக வரும். மலைமேல் இருப்பவளைப் பார்க்கும் முன் அவரைப் பார்ப்பது அந்த மண்ணின் மனசோடு ஒட்டிய வழி. அரண்மனையை வேண்டுமானால் வெளியிலிருந்து ஒரு பார்வை பாருங்கள். இரவு சீக்கிரம் படுத்துவிடுங்கள்.

என்ன எடுத்துப் போவது

புடவை சாத்த வேண்டும் என்று வேண்டுதல் இருந்தால் ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். கூடவே ரவிக்கைத் துணி, கண்ணாடி வளையல், மஞ்சள், குங்குமம். பூ, தேங்காய், பழம் எல்லாம் மேலே கடைகளில் தட்டாகவே கிடைக்கும், சுமக்க வேண்டாம். நம் அம்மன் கோயில்களைப் போலக் கூழ் வார்ப்பது, வேப்பிலையோடு அருள் வந்து ஆடுவது, சூலத்தில் எலுமிச்சை குத்துவது இதெல்லாம் இங்கே எதிர்பார்க்காதீர்கள். அர்ச்சனை, அபிஷேகம், குங்குமம் என்று நடக்கும் கோயில் இது. சிலருக்கு முதலில் இது குளிர்ச்சியாக இல்லை, நம் அம்மன் மாதிரி இல்லை என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். படியேறும் பெண்களைப் பார்க்கும்போது அந்த எண்ணம் போய்விடும்.

பிளாஸ்டிக் பைக்கும் பாட்டிலுக்கும் மலையில் தடை. துணிப்பையும் எவர்சில்வர் தண்ணீர்ப் பாட்டிலும் கொண்டு போங்கள். குரங்குகள் அதிகம். தேங்காய், பழம், பிஸ்கட் எதுவும் கையில் தெரியக் கூடாது. பளபளக்கும் கவரைக் கண்டால் பிடுங்கிவிடும்.

அப்புறம் ஒரு சீட்டு. வீட்டிலேயே ஒரு தாளில் எல்லார் பெயர், நட்சத்திரம், ராசி, கோத்திரம் தெரிந்தால் அதுவும் எழுதிக்கொள்ளுங்கள். அர்ச்சகர் வரிசை நகரும் வேகத்தில் கேட்பார். நாம் "கேட்டை" என்போம், அவருக்கு அது ஜ்யேஷ்டா. திருவாதிரை அங்கே ஆர்த்ரா, ஆயில்யம் ஆஸ்லேஷா, திருவோணம் ஸ்ரவணா, அவிட்டம் தனிஷ்டா, சதயம் சதபிஷா. உங்கள் வீட்டு நட்சத்திரங்களின் வடமொழிப் பெயரைப் பஞ்சாங்கத்தில் பார்த்து எழுதிக்கொண்டால் போதும். மைசூரில் தமிழ் புரிந்துகொள்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் சன்னதி முன்னால் விளக்கிச் சொல்ல நேரம் இருக்காது. தம் பிள்ளையின் நட்சத்திரம் தப்பாகச் சொல்லப்பட்டதே என்று மனம் கனத்துத் திரும்புகிற அம்மாக்களைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

படியேறும் காலை

விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து குளித்துவிடுங்கள். வயிற்றை நிரப்பிக்கொண்டு ஏறக் கூடாது. சர்க்கரை வியாதி இல்லாதவர்கள் ஒரு டம்ளர் பாலோடு கிளம்பலாம். மற்றவர்கள் அளவாகச் சாப்பிட்டுவிட வேண்டும், மாத்திரையும் பையில் இருக்க வேண்டும். ஆட்டோக்காரரிடம் கோயிலுக்கு என்று சொன்னால் மேலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார். "பெட்டத பாத" என்று சொல்லுங்கள், படி தொடங்கும் அடிவாரத்துக்குப் போவார்.

இருட்டில் ஏற வேண்டாம். அது வனத்துறைக்கு உட்பட்ட காடு, சிறுத்தை நடமாட்டம் உண்டு. வெளிச்சம் வந்ததும், ஆறு மணியை ஒட்டி, முதல் படியைத் தொட்டுக் கும்பிட்டு ஏறத் தொடங்குங்கள். அந்த நேரத்தில் தனியாக இருக்க மாட்டீர்கள். மைசூர்க்காரர்கள் பலர் நடைப்பயிற்சியாகவே தினம் ஏறுகிறார்கள். அவர்கள் வேகத்தைப் பார்த்து நீங்களும் விரைய வேண்டாம்.

படிகளில் மஞ்சளும் குங்குமமும் இருப்பதைக் கவனியுங்கள். வேண்டிக்கொண்ட பெண்கள் ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, ஆயிரத்தெட்டுப் படியும் அப்படியே ஏறுவார்கள். கல்யாணம், குழந்தை, கணவன் உடம்பு, கடன், என்னவெல்லாமோ அவர்கள் மனதில் இருக்கும். சிலர் படிக்கொரு கற்பூரமும் ஏற்றுவார்கள். அவர்கள் இருக்கும் படியில் ஓரமாக ஒதுங்கி நடங்கள், புதிதாக இட்ட குங்குமத்தை மிதிக்காதீர்கள். போட்டோ எடுக்காதீர்கள். அது அவர்களுக்கும் அவளுக்கும் நடுவே உள்ள பேச்சு. நமக்கும் அப்படி வேண்டுதல் செய்ய வேண்டும் என்று தோன்றினால் செய்யலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் முதல் தடவையே ஆயிரத்தெட்டும் குனிந்து எழுவது இடுப்பை ஒடித்துவிடும். முதல் படி, நந்தி இருக்கும் படி, கடைசிப் படி மூன்றுக்கும் வைத்தால் போதும். அடுத்த முறை முழுவதும் செய்யலாம்.

செருப்பு போடலாமா? பலர் வெறுங்காலில்தான் ஏறுகிறார்கள். கல் படி, காலையில் குளிர்ந்திருக்கும், நடக்க முடியும். பழக்கம் இல்லாதவர்களும் சர்க்கரை வியாதிக்காரர்களும் பிடிப்புள்ள செருப்போடு ஏறி மேலே விட்டுவிடுவதில் குற்றம் எதுவும் இல்லை.

கடினமானது கீழ்ப்பகுதிதான். தொடக்கத்துப் படிகள் செங்குத்தாகவும் உயரமாகவும் இருக்கும். அங்கேயே பாதிப் பேர் நம்மால் முடியாது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஐம்பது படிக்கு ஒரு தடவை நில்லுங்கள், உட்கார வேண்டாம், மூச்சு அடங்கியதும் தொடருங்கள். பாதிக்கு மேல் மலை தளர்ந்து கொடுக்கும். திரும்பிப் பார்த்தால் மைசூர் முழுவதும் கீழே கிடக்கும்.

எழுநூறாவது படியை ஒட்டி நந்தி. ஒரே பாறையில் செதுக்கிய நந்தி, ஏறத்தாழ 15 அடி உயரம், 24 அடி நீளம். இதையும் தொட்ட தேவராஜ உடையார் காலத்தது என்கிறார்கள். எண்ணெய் பூசிப் பூசிக் கரிய மினுமினுப்போடு இருக்கும். கழுத்து மணிகளைப் பாருங்கள், ஒவ்வொரு மணியையும் தனித்தனியாகச் செதுக்கியிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் பாறைக்குள் ஒரு சின்ன சிவன் சன்னதி இருக்கிறது, குனிந்து போக வேண்டும். காலையில் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். பத்து நிமிடம் உட்கார வேண்டிய இடம் இதுதான். மிச்சம் முந்நூறு படி, அதிக சிரமம் இல்லை. மொத்தத்தில் ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும்.

மேலே

காலை அபிஷேகம் முடிந்து ஏழரை மணி அளவில் தரிசனத்துக்கு விடுவார்கள். ஆறு மணிக்கு ஏறத் தொடங்கினால் சரியாக அந்த நேரத்துக்கு வந்து சேருவீர்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு மூடி மூன்றரைக்குத் திறப்பார்கள். மாலை ஆறிலிருந்து ஏழரை வரை மறுபடி அபிஷேகம். இது வழக்கமான நாளின் கணக்கு, விசேஷ நாட்களில் மாறும்.

கோபுரத்தைப் பார்த்ததும் ஓடாதீர்கள். முதலில் மகாபலேஸ்வரரிடம் போங்கள். மலையின் பழைய குடித்தனக்காரர் அவர். மைசூர் அரசர் ஒருவர் இங்கே கும்பிட வந்தபோது இடி விழுந்து, உயிர் தப்பி, தலைமுடியை மட்டும் இழந்தார், அதனால்தான் அவருக்கு மொட்டைச் சாமராஜர் என்று பெயர் வந்தது என்று ஒரு கதை உண்டு. சன்னதியில் பெரும்பாலும் வரிசையே இருக்காது. படியேறி வந்த படபடப்பு அங்கே அடங்கும். அந்த நிதானத்தோடு அம்மனிடம் போக வேண்டும்.

அம்மன் கோயிலில் இலவச வரிசையும் கட்டண வரிசையும் தனித்தனி. சாதாரண புதன்கிழமை காலையில் இலவச வரிசையே போதும், சீக்கிரம் நகரும். வாசலில் சிறிய கணபதி. உள்ளே வந்ததும் கொடிமரம், அம்மனின் பாதம், சன்னதியைப் பார்த்தபடி ஒரு சின்ன நந்தி. கொடிமரத்துக்குச் சற்று முன்னால் வலப்புறச் சுவரில் ஆஞ்சநேயர். கருவறை வாசலில் துவாரபாலகியர் நந்தினி, கமலினி. இவர்களையெல்லாம் வரிசையில் நிற்கும்போதே பார்த்துக் கும்பிட்டுவிடுங்கள், பிறகு நேரம் இருக்காது. இன்னொன்று: கைகூப்பி நிற்கும் ஆளுயர அரசர் சிலை, கூடவே மூன்று ராணிகள். கோபுரம் கட்டிய மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார்தான் அவர். முப்பது சமஸ்கிருத சுலோகங்கள் பொறித்த நட்சத்திரமாலிகை என்ற தங்க நகையை அம்மனுக்குக் கொடுத்தவரும் அவரே. நாட்டை ஆண்டவர் அங்கே ஒரு பக்தராக ஓரத்தில் நிற்கிறார். நாமும் நிற்கிறோம்.

அம்மன் எட்டுக் கரங்களோடு அமர்ந்த கோலம். மார்க்கண்டேய முனிவர் பிரதிஷ்டை செய்தது என்பது நம்பிக்கை. முதல் முறை போகிறவர்கள் பெரிய உருவத்தை எதிர்பார்த்துப் போவார்கள். அலங்காரத்துக்கு நடுவே முகத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். அதனால் ஒரு யோசனை: உள்ளே நுழையும் முன்பே வேண்டுதல்களைச் சொல்லி முடித்துவிடுங்கள். சன்னதி முன் கண்ணை மூடாதீர்கள், பார்த்துக்கொண்டே இருங்கள். கண்ணை மூடிப் பட்டியல் சொல்லத் தொடங்கினால் கண் திறப்பதற்குள் "நடங்கம்மா" என்று தள்ளிவிடுவார்கள். புடவையும் சீட்டும் கொடுப்பதைக் கூட வந்தவரில் ஒருவர் பார்த்துக்கொண்டால் மற்றவர்கள் முகம் பார்க்கலாம்.

வெளியே வந்து பிராகாரம் சுற்றிவிட்டு ஓரமாக உட்காருங்கள். கோயிலின் தாசோக மண்டபத்தில் அன்னதானம் உண்டு. அந்த வேளைக்கு இருப்பவர்கள் அங்கேயே சாப்பிடலாம். மகிஷாசுரன் சிலை பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கையில் வாளும் மறுகையில் பாம்புமாக நிற்கிறது. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், போட்டோ எடுப்பதென்றால் அங்கே எடுங்கள்.

ஏற முடியாதவர்கள்

நகர பஸ் நிலையத்திலிருந்து 201 எண் பஸ் நேராக மலைக்கு வருகிறது. சாலை வழியாகச் சுமார் 13 கிலோமீட்டர். குடும்பத்தில் பாட்டியோ அத்தையோ ஏற முடியாதவர் இருந்தால், ஒருவரைத் துணைக்கு வைத்து அவர்களை இந்த பஸ்ஸில் அனுப்பிவிட்டு, மற்றவர்கள் படியேறி மேலே சந்தித்துக்கொள்ளலாம். எல்லாரும் சேர்ந்தே தரிசனத்துக்குப் போங்கள், முன்னால் வந்தவர்கள் முன்னால் பார்த்துவிட வேண்டாம். நந்திக்கும் சாலை இருப்பதால் ஆட்டோவிலோ காரிலோ அவர்களும் அவரைப் பார்க்கலாம். படியேறாமல் பார்த்தால் பலன் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. நடக்க முடியாத பெண்ணை மலைக்கு வரவழைத்தவள் அவள்தான்.

படியேறியவர்களும் இறங்கும்போது பஸ்ஸிலேயே இறங்குங்கள். இறங்குவதில்தான் முழங்கால் பழுதாகும். இளையவர்கள் வேண்டுமானால் நடந்து இறங்கட்டும்.

தங்கையையும் பார்த்துவிட்டு

மலையின் தென்புற அடிவாரத்தில் உத்தனஹள்ளி. அங்கே ஜ்வாலாமுகி திரிபுரசுந்தரி அம்மன், சாமுண்டியின் தங்கை. ரக்தபீஜனின் ஒவ்வொரு சொட்டு ரத்தத்திலிருந்தும் ஓர் அசுரன் எழுந்தபோது, நாக்கை விரித்து அந்த ரத்தம் தரையில் விழாமல் தாங்கிக்கொண்டவள் இவள் என்கிறார்கள். அக்காவைப் பார்த்தவர்கள் தங்கையையும் பார்க்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். சுற்றுலா வேன்கள் இங்கே பெரும்பாலும் வருவதில்லை. ஆட்டோ பேசிக்கொண்டு போய்வரலாம். சின்னக் கோயில், ஊர்க்கோயில் மாதிரி இருக்கும். மலைமேல் கிடைக்காத நம் ஊர் நெருக்கம் இங்கே கிடைக்கும். திருவக்கரைக்குப் போய்ப் பழகினவர்களுக்கு வந்த இடம் அந்நியமாகவே தோன்றாது. மேலே நேரம் குறைவாகக் கிடைத்தவர்கள் இங்கே நின்று நிதானமாகப் பேசிவிட்டு வாருங்கள்.

மதியத்துக்குள் அறைக்குத் திரும்பிக் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போடலாம். கடலூர் ரயில் மாலையில் மைசூரிலிருந்து கிளம்பி மறுநாள் காலை ஊர் சேர்க்கும். கெண்டைக்கால் வலி இரண்டாம் நாள்தான் தெரியும், வெந்நீர் ஒத்தடம் போதும். பிரசாதக் குங்குமத்தைப் பயணத்தில் சிந்தாமல் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் கேட்பவர்கள் நிறைய இருப்பார்கள்.

இப்படி ஒரு முறை போய்வந்து மலை பழகிவிட்டால் அடுத்த முறைக்கு விசேஷ நாள் பார்க்கலாம். விஜயதசமி அன்று 750 கிலோ தங்க அம்பாரியில் அம்மன் ஊர்வலம் போவது மைசூர் நகரத்தில். அதற்கு லட்சக்கணக்கில் கூடுவார்கள். ஆனால் மலைமேல் தேர் ஓடுவது அது முடிந்து வரும் பௌர்ணமியை ஒட்டித்தான், பின்னாலேயே தேவிகெரெ குளத்தில் தெப்பமும் உண்டு. தசராவுக்கு வந்த வெளியூர்க் கூட்டம் பெரும்பாலும் கலைந்திருக்கும். வீராம்பட்டினம் தேர் வடம் தொட்ட கைக்கு அந்த நாளைத்தான் சொல்வேன். அறையை மட்டும் இரண்டு மாதம் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.